நிக்கலஸ் திறக்காத பெட்டி

பாலையூற்றில் நிக்கலஸ் என்ற பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் கோயிலில் பாட்டுக்குழுவை நடத்துபவர். மற்றவர் துறைமுகப் பட்டறையில் முப்பத்தொரு வருடம் மின் வேலை பார்த்து, இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றவர். இது இரண்டாமவருக்கு நடந்தது.

பட்டறையில் அவரோடு வேலை செய்தவர்களிடம் கேட்டால் முதலில் ஒன்றைச் சொல்லிச் சிரிப்பார்கள். கிரேனின் சுவிட்ச் பெட்டி ஒன்றை மூடினால், உடனே திறந்து பார்த்துவிட்டுத்தான் மறுபடி மூடுவார். மேற்பார்வையாளர் அவசரப்படுத்தினாலும் அப்படித்தான். அவருடைய பகுதியில் ஒருவருக்கும் ஒருநாளும் மின்சாரம் அடித்ததில்லை. ஆனால் அந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது என்று யாரும் யோசித்ததில்லை.

ஒரு காலத்தில் அவர் வீட்டு முன்னறையில் ரேடியோவும் திருத்தினார். பட்டறை விட்டு வந்து குளித்துவிட்டு, யன்னலோரம் இருந்த மேசையில் உட்காருவார். கப்பல்துறையிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும், சில வேளை வெருகலிலிருந்துகூட ஆட்கள் பெட்டிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார்கள். இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு ஒரு கிழமைக்குள் அதை அப்படியே நிறுத்தினார். கையில் இருந்த வேலைகளைத் திருப்பிக் கொடுத்தார். கருவிகளை ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு அலுமாரிக்குள் வைத்தார். கண் தெரியவில்லை என்று எல்லோருக்கும் சொன்னார். மனைவி மரியம்மாவுக்கும் அதைத்தான் சொன்னார்.

உண்மையான காரணம் ஜெமீல்.

ஜெமீல் கிண்ணியாக்காரர். பாலம் கட்டப்படுவதற்கு முன் அங்கே ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவை ஓடியது; அதைப் பாதை என்பார்கள். அதில் கயிறு பிடித்தவர். பாலம் திறந்தபின் கடற்கரையில் மீன் கொட்டிலான வாடி ஒன்றில் காவலுக்கு நின்றார். வாய் ஓயாமல் கதைக்கிற மனிதர். அதிகம் கதைக்காத நிக்கலசுக்கு அவரை எப்படியோ பிடித்துப்போயிற்று. அவரிடம் தோல் உறை போட்ட ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தது. அறுபதுகளில் துறைமுகத்துக்கு வந்த வெளிநாட்டுக் கப்பல் மாலுமி ஒருவரிடம் ஜெமீலின் வாப்பா வாங்கியது. கையில் தூக்கிக்கொண்டு போகலாம். நான்கு பெரிய டோர்ச் பற்றரியில் ஓடும். வீட்டு மின்சாரத்தில் ஓட்டுவதற்கென்று அதனுடன் ஒரு பச்சை இரும்புப் பெட்டியும் வந்திருந்தது. செங்கல் அளவான பெட்டி. உள்ளே ஒரு டிரான்ஸ்போமர். சுவரிலிருந்து வரும் இருநூற்று முப்பது வோல்ட்டை ஆறு வோல்ட்டாக இறக்கி ரேடியோவுக்குக் கொடுக்கும்.

அந்தப் பெட்டியின் வயர் உக்கிப் போயிருந்தது. புது வயர் போட்டுத் தரும்படி ஜெமீல் கொண்டுவந்தார். சின்ன வேலை. பழைய வயரை வெட்டி, புது வயரின் இரண்டு நுனியையும் டிரான்ஸ்போமரின் இரண்டு நுனியோடு ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். ஒவ்வொரு பற்றின் மேலும் ஒரு கறுப்பு ரப்பர் உறை ஏற வேண்டும். பற்ற வைப்பதற்கு முன்னமே அந்த உறையை வயரில் கோத்துவிட வேண்டும். பிறகு கோக்க முடியாது. ஜெமீல் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டே, பாதையில் மாடு ஒன்று கடலுக்குள் பாய்ந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நிக்கலஸ் மூடியை வைத்து நான்கு ஸ்க்ரூவையும் இறுக்கிக் கொடுத்தார்.

ஐந்து கிழமைக்குப் பிறகு, சைக்கிளில் மீன் விற்க வந்தவர் மரியம்மாவுக்குப் பாரையை வெட்டிக்கொண்டே சேதி சொன்னார். கிண்ணியா ஜெமீல் காலமாகிவிட்டாராம். கதிரையில் இருந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே போய்விட்டாராம். முந்தாநாள் அடக்கமும் முடிந்துவிட்டதாம்.

நிக்கலஸ் உள்ளே நின்று அதைக் கேட்டார். முதல் பற்றுக்கு உறை போட்டது அவருக்கு நினைவிருந்தது. இரண்டாவதற்குப் போட்டாரா? எவ்வளவு யோசித்தும் அந்த மாடு கடலில் பாய்வதுதான் நினைவுக்கு வந்தது. உறை இல்லாத பற்று அந்த இரும்பு மூடியில் பட்டிருந்தால், முழுப் பெட்டியிலும் மின்சாரம் ஏறியிருக்கும். தொட்டவர் தப்ப முடியாது.

முதல் நாள் அடக்கம் முடிந்துவிட்டதே என்று போகவில்லை. முதல் கிழமை பயத்தில் போகவில்லை. ஒரு மாதம் கழிந்தபின் போவதென்றால் ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்பதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். அவரிடம் இருந்த காரணத்தைச் சொல்ல முடியாது. அப்படியே வருடங்கள் போயின. கிண்ணியாப் பக்கம் வேலை வந்தால் வேறு ஒருவரிடம் மாற்றிக்கொண்டார். ஒருமுறை பங்குக் கோயிலில் சுவாமியிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில், தன்னால் ஒரு ஆளுக்குக் கெடுதல் நடந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார். நடந்ததா இல்லையா என்று சுவாமி கேட்டார். தெரியாது என்றார் நிக்கலஸ். அப்படியென்றால் தெரிந்துகொள்ளப் பாருங்கள் என்றார் சுவாமி. அதற்குப் பிறகு அந்தச் சுவாமி மாற்றலாகிப் போகும்வரை நிக்கலஸ் வேறு கோயிலில் சங்கீர்த்தனம் செய்தார்.

கடந்த கார்த்திகைக் கடைசியில் புயல் அடித்து வெள்ளமும் வந்தது. மாவட்டம் முழுக்க மின்சாரமும் தொலைபேசியும் நாட்கணக்கில் நின்றன. அது முடிந்து, பாலன் பிறப்பும் புது வருடமும் கழிந்த ஒரு காலை, பத்து மணிபோல் வீட்டு வாசலில் ஒரு முச்சக்கர வண்டி நின்றது. அறுபதை நெருங்கும் ஒரு பெண், கோதுமை மா வந்த பை ஒன்றைக் கையில் அணைத்தபடி இறங்கினார். ஜெமீலின் மனைவி பரீதா என்று தன்னைச் சொன்னார்.

மரியம்மா கதிரை போட்டு, தேத்தண்ணீர் வைக்கக் குசினிக்குப் போனார். 

பரீதா வந்தது பழைய கதை கதைக்க அல்ல. அவருடைய மகள் சனூஸா தோப்பூரில் கல்யாணம் கட்டி இருக்கிறாள். வெள்ளத்தின்போது நான்கு நாள் அவளிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. தண்ணீர் எந்த ஊர் வரைக்கும் வந்தது, ஆட்களை எங்கே ஏற்றினார்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லை. மூன்று வீடு தள்ளி இருந்த ஒருவரிடம் ஒரு ரேடியோ இருந்தது. தெருவே அவருடைய முற்றத்தில் போய் நின்று கேட்டது. மகள் தப்பிவிட்டாள். ஆனால் இன்னொரு முறை அப்படி மற்றவர் முற்றத்தில் நிற்கப் பரீதாவுக்கு மனமில்லை. வீட்டிலேயே ஒரு ரேடியோ சும்மா கிடக்கிறதே என்று எடுத்துப் பார்த்திருக்கிறார். பற்றரிகள் உள்ளே ஊறி ஒட்டியிருந்தன. பட்டணத்தில் இரண்டு கடையில் காட்டினார், எறிந்துவிடச் சொன்னார்கள்.

“எங்கட மனிசன் எப்பவும் சொல்லுவார், இதுக்கு டொக்டர் பாலையூத்து நிக்கலஸ்தான் எண்டு,” என்றார் பரீதா. “அதுதான் கேட்டுக் கேட்டு வந்தனான். பெட்டியும் கொண்டு வந்திருக்கன். கரண்டிலயும் பற்றரியிலயும் ரெண்டிலயும் ஓட வேணும்.”

நிக்கலஸ் கண் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மரியம்மா தேத்தண்ணீரோடு வந்து, வைத்துவிட்டுப் போங்கோ, செய்து தருவார் என்று சொல்லிவிட்டார்.

பரீதா போனபின், ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவர் மனைவியிடம் கேட்டார். மரியம்மா கோப்பைகளை எடுத்துக்கொண்டே பதில் சொன்னார்.

“பதினாலு வருசமா என்ர மெசின் ஊசிக்கு நூல் கோத்துத் தாறது நீங்கள்தானே. கண்ணில ஒண்டும் இல்லை எண்டு எனக்குத் தெரியும். என்ன எண்டு நீங்கள் சொல்லேல்லை, நான் கேக்கேல்லை.”

மறுநாள் பிஸ்கட் தகரம் வெளியே வந்தது. ரேடியோவைத்தான் முதலில் எடுத்தார்; அதில் யாரையும் கொல்லக்கூடிய மின்சாரம் இல்லை. பற்றரிகள் நான்கும் வீங்கி, வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தன. மெல்ல நெம்பி எடுத்தார். தேசிக்காய்ச் சாறும் பழைய பல் பிரஷும் கொண்டு துருவைத் தேய்த்தார். உக்கிப்போன சுருள்களுக்குப் பதிலாகப் பித்தளைத் தகட்டை வெட்டி வளைத்துப் போட்டார்.

அந்தப் பற்றரிகளைப் பார்த்தபோது அவருக்குள் ஒரு எண்ணம் வந்தது. ஜெமீல் கடைசியாகக் கேட்டது பற்றரியில்தானோ? ஆனால் அதை அவர் நம்ப மறுத்தார். மின்சாரப் பெட்டியின் முனையை ரேடியோவில் செருகினால் பற்றரி தானாகத் துண்டிக்கப்படும், உள்ளேயே கிடக்கும். ஆகவே பற்றரி உள்ளே இருந்தது ஒன்றையும் நிரூபிக்காது. ஆறுதல் தரக்கூடிய எதையும் இப்படி வாதாடித் தள்ளிவிடுவது அவருக்குப் பழகிப் போயிருந்தது.

வேலை மூன்று நாள் ஓடியது. காய்ந்துபோன கண்டென்சர்கள் ஐந்தை மாற்றினார். சத்தம் கூட்டும் குமிழைத் திருகினால் மண் அரைப்பதுபோல் கரகரத்தது. அதைக் கழற்றித் துடைத்தார். கடைசியில், உள்ளே இருந்த ஏரியல் கட்டையிலிருந்து மயிர்போல ஒரு வயர் அறுந்திருப்பதைக் கண்டுபிடித்தார். அதைப் பற்றவைத்தார்.  மூன்றாம் நாள் மத்தியானம் புதுப் பற்றரி போட்டுக் குமிழைத் திருகினார். முதலில் இரைச்சல். பிறகு ஒரு பெண் குரல், மீனவர்களுக்கான கடல் நிலை அறிவிப்பை நிதானமாக வாசித்தது. மரியம்மா அகப்பையோடு வந்து கதவில் நின்று முழுவதையும் கேட்டுவிட்டுப் போனார்.

பச்சைப் பெட்டி மேசையின் ஓரத்தில் அப்படியே இருந்தது. ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று. மரியம்மா மேசையைத் துடைக்கும்போது அதைத் தூக்கித் தூசு தட்டி, இருந்த இடத்திலேயே வைத்தார். நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்த நிக்கலஸ், சேட்டுக்கூட மாற்றாமல் மேசையில் உட்கார்ந்தார். ஸ்க்ரூக்கள் துருப்பிடித்து இறுகியிருந்தன. மண்ணெண்ணெய் சொட்டுவிட்டுச் சற்று நேரம் காத்திருந்தார். ஒவ்வொன்றாகக் கழற்றி மூடியைத் தூக்கினார்.

இடது பக்கத்துப் பற்றில் கறுப்பு உறை இருந்தது. வலது பக்கத்துப் பற்றில் இல்லை. மங்கிய ஈயம் அப்படியே தெரிந்தது. அதற்கும் இரும்பு மூடிக்கும் இடையில் அரை விரல் இடைவெளிதான்.

மரியம்மா உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தபோது அவர் இரண்டு கையையும் மடியில் வைத்தபடி இருந்தார். என்ன என்று கேட்டார் மரியம்மா. அப்போதுதான் நிக்கலஸ் எல்லாவற்றையும் சொன்னார். மீன்காரர் சொன்ன சேதியிலிருந்து தொடங்கி, சங்கீர்த்தனம் வரை.  முடிந்தபின் மரியம்மா கிட்ட வந்து பெட்டிக்குள் பார்த்தார்.

“இது மூடியில முட்டினதோ?”

அது நல்ல கேள்வி. நிக்கலஸ் மூடியைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கருகிய அடையாளமோ பொட்டோ எதுவும் இல்லை. அடுத்த நாள் பட்டறைக்குப் போய், இப்போதும் அங்கே வேலை செய்யும் இராகுலனிடம், மின்சாரக் கசிவைப் பார்க்கும் கருவியை இரவல் வாங்கி வந்தார். வயருக்கும் இரும்புக்கும் இடையில் வைத்து அளந்தார். ஒரு துளிக் கசிவும் இல்லை. டிரான்ஸ்போமர் புதிதுபோல் இருந்தது.

“இண்டைக்கு முட்டேல்லை,” என்றார் நிக்கலஸ். “அண்டைக்கு அவர் அசைச்சுத் தூக்கேக்க முட்டியிருந்தால்? இந்தக் கருவி அதைச் சொல்லாது.”

“சொல்லக்கூடிய ஆள் கிண்ணியாவில இருக்கிறா. அவவிட்டக் கேளுங்கோ. நானும் வாறன்.”

போவதென்று முடிவானபின் பெட்டியை அவர் அடியிலிருந்து திருத்தினார். பழைய இரட்டை வயரைத் தூக்கிவிட்டு மூன்று வயர் உள்ளதைப் போட்டு, மூன்றாவதை இரும்புப் பெட்டியோடு சேர்த்து மண்ணுக்குப் போகும்படி இணைத்தார். இனி எது மூடியில் பட்டாலும் ஆளுக்கு அடிக்காது. ஒரு பியூஸ் வைத்தார். இரண்டு உறையையும் முதலிலேயே கோத்தார். கோத்ததை மரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகுதான் சோல்டரிங் அயனை எடுத்தார். உள்ளே இருந்த பெரிய கண்டென்சர் உச்சியில் வெடித்துக் காய்ந்திருந்தது. அது கெட்டால் ரேடியோ உறுமும்; போன முறை அதை அவர் மாற்றவில்லை. இப்போது மாற்றினார். நேரே பிளக்கில் போடாமல் இடையில் ஒரு பல்பைத் தொடுத்துச் சுவிட்சைப் போட்டார். உள்ளே எங்காவது பிழை இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். அது ஒரு கணம் சிவந்து, மெல்ல அணைந்தது. மீற்றர் ஆறு வோல்ட் காட்டியது. ரேடியோவை இணைத்தார். குரல் சுத்தமாக வந்தது.

புதன்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். பாலத்தில் ஏறியபோது நிக்கலஸ் மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்தார். பதினான்கு வருடத்தில் அவர் அந்தப் பாலத்தைக் கடந்தது அதுதான் முதல் தடவை. காலை வெயிலில் இரண்டு பக்கமும் தண்ணீர் பளபளத்தது; தோணிகள் நின்றன. அவர் எதையும் பார்க்கவில்லை என்று மரியம்மா பிறகு சொன்னார்.

பரீதாவின் வீடு பழைய இறங்குதுறைக்குக் கிட்ட. நிக்கலஸ் ரேடியோவைப் பற்றரியில் ஒருமுறையும், மின்சாரத்தில் ஒருமுறையும் போட்டுக் காட்டினார். பரீதாவுக்கு மகிழ்ச்சி. தானே குமிழைத் திருகி நிலையம் பிடித்துப் பார்த்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று எழுந்தபோது நிக்கலஸ் அவரை மறித்தார்.

“இருங்கோ தங்கச்சி. சாப்பிட முந்தி ஒரு கதை சொல்ல வேணும். கேட்டாப் பிறகு சோறு தாறதோ இல்லையோ எண்டு நீங்கள் யோசிக்கலாம்.”

பரீதா மறுபடி உட்கார்ந்தார். நிக்கலஸ் சுற்றி வளைக்கவில்லை. அந்தப் பெட்டிக்கு வயர் போட்டது தான் என்றார். ஒரு பற்றுக்கு உறை போடாமல் மூடிக் கொடுத்தேன், போன ஞாயிற்றுக்கிழமை திறந்தபோது என் கண்ணாலேயே கண்டேன் என்றார். ஜெமீல் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கும்போது இறந்தார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, அது தன்னால்தானோ என்ற எண்ணத்தோடு இருப்பதாகச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு நிலத்தைப் பார்த்தார்.

பரீதா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு கேட்டார்.

“அவர் எங்க வச்சு மௌத்தானவர் எண்டு உங்களுக்கு யாரும் சொல்லல்லியா?”

“வீட்டில எண்டுதான்…”

“வீட்டில இல்ல. வாடியில. அங்க இண்டைக்கும் கரண்ட் இல்ல, அரிக்கன் லாம்புதான். அவர் கேட்டுக்கொண்டு இருந்தது பற்றரியில. இந்தப் பெட்டி அண்டைக்கு இந்தா, இந்த அலுமாரிக்கு மேல கிடந்தது.”

நிக்கலஸ் தலையை உயர்த்தினார். பரீதா தொடர்ந்தார். பெட்டியை ஜெமீல் நான்கு நாள்தான் பாவித்தாராம். போட்டால் ஒரே உறுமல்; பாட்டு ஒன்றும் விளங்காது. திருப்பிக் கொண்டுபோய்க் காட்டச் சொன்னாராம் பரீதா. நிக்கலஸ் அவ்வளவு கரிசனையாகச் செய்து தந்தது, சரியில்லை என்று எப்படிச் சொல்வது, மனம் நோகும் என்று ஜெமீல் மறுத்துவிட்டாராம். பேசாமல் பற்றரியே வாங்கிப் போட்டிருக்கிறார். மூன்று நாளாக நெஞ்சு நோகிறது என்றவர், வாய்வு என்று இஞ்சி குடித்துக்கொண்டு திரிந்தார். பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வாடியில் கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்று எழுதித் தந்தார்கள்.

 மரியம்மா நிக்கலசின் முதுகில் கை வைத்தார். அவருடைய தோள்கள் இறங்குவதை அந்தக் கை உணர்ந்தது. மூச்சு நீளமாக வெளியே வந்தது.

“எனக்கு உங்களில கோபம்தான்,” என்றார் பரீதா. “பெட்டிக்காக இல்ல. அவர்ட கூட்டாளிமார் எல்லாரும் வந்தாங்க. மூதூரில இருந்தும் வந்தாங்க. நிக்கலஸ் அண்ணன் வரல்ல. ஏன் எண்டு நான் கனநாள் யோசிச்சன்.”

“அது என்ர பிழை.”

“ஓம். அது பிழைதான்.”

அப்படிச் சொன்ன விதத்தில் கசப்பு இல்லை. ஒரு காரியத்தை அதற்குரிய இடத்தில் வைப்பதுபோல் சொன்னார். பிறகு எழுந்து குசினிக்குப் போனார். மரியம்மாவும் பின்னால் போனார். உள்ளேயிருந்து இரண்டு பெண்களின் கதையும் தட்டுகளின் சத்தமும் கேட்டன. நிக்கலஸ் அன்றைக்குச் சாப்பிட்டதுபோல் சாப்பிட்டு வருடக்கணக்காகிறது என்று மரியம்மா சொல்கிறார். கணவாய்க் கறியை மூன்றாம் தரமும் கேட்டு வாங்கினாராம்.

சாப்பாட்டுக்குப் பிறகு பரீதாவின் தம்பி சஜீத் நிக்கலசை, ஜெமீல் அடங்கிய மையவாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். தலைமாட்டில் நட்ட மீசான் கல்லில் எழுத்து மங்கியிருந்தது. நிக்கலஸ் செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் நின்றார். தனக்குத் தெரிந்த முறையில் செபித்தார். உறுமுது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே ஜெமீல், என்று மெல்லச் சொன்னாராம். சஜீத்துக்கு அது விளங்கவில்லை. விளங்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

மூன்றரை மணி பஸ்ஸில் திரும்பினார்கள். பாலத்தைத் தாண்டும்போது நிக்கலஸ் தோணிகளைக் காட்டி ஏதோ சொன்னார். சீனன்குடாவைத் தாண்டுவதற்குள் அவருடைய தலை மரியம்மாவின் தோளில் சாய்ந்துவிட்டது. பாலையூற்றுத் தரிப்பிடம் வந்தது. அவர் அப்படி அயர்ந்து தூங்கிக் கனகாலம்; மரியம்மா எழும்பவுமில்லை, அவரை எழுப்பவுமில்லை. பட்டண பஸ் நிலையத்தில் எல்லோரும் இறங்கி, நடத்துநர் வந்து தட்டியபோதுதான் அவர் கண்விழித்தார்.

இறங்கும் இடம் போய்விட்டதே, ஏன் எழுப்பவில்லை என்று திகைத்துப்போய்க் கேட்டார்.

சந்தையில் மரக்கறி வாங்க இருந்தது என்றார் மரியம்மா.